பேராசிரியர் ஒரு தடவைதான் கேட்டார்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும், ஒருவர் இன்னொருவருக்கு ஒன்றைக் கொடுக்க வந்தால், வாங்குகிறவர் "வேண்டாம்" என்று சொன்ன பிறகுதான் கொடுக்கல் வாங்கலே ஆரம்பிக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நாற்பது வயதைத் தாண்டி, மேல்படிப்பு முடித்து, புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் டாக்டர் என்று கதவில் பலகை மாட்டிய பிறகும் இந்த நம்பிக்கை அசையவில்லை.

தப்பு முழுக்க என்னுடையது அல்ல. மதுரை சிம்மக்கல்லில் மொத்த வியாபாரக் கடைக்குச் சீரகம் வாங்கப் போனால்கூட, "அண்ணே, ஒரு காப்பி?" என்பார் கடைக்காரர். "இப்பத்தாண்ணே குடிச்சேன்" என்போம். குடித்திருக்க மாட்டோம். அது அவருக்கும் தெரியும். நாம் வாயை மூடுவதற்குள் காப்பிக்கு ஆள் போயிருக்கும். கல்யாணப் பந்தியில் இலைமேல் கையை விரித்து மறைத்தால், கைக்கும் சேர்த்து சாம்பார் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுவார்கள். எங்கள் ஊரில் முதல் 'வேண்டாம்' வணக்கம் மாதிரி. இரண்டாவது, நலம் விசாரிப்பு. மூன்றாவது தடவையும் சொன்னால்தான் வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போய், "எங்க வீட்ல கை நனைக்க மாட்டீகளோ" என்பார்.

இந்த ஞானத்தோடுதான் எண்பதுகளின் நடுவில் இங்கிலாந்துக்கு விமானம் ஏறினேன்.

போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு மெஷின் வந்து சேர்ந்தது. மரப்பெட்டிக்குள் வந்தது, மரப்பெட்டிக்குள்ளேயே இருந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு உடம்புக்கு உள்ளிருந்து கதிர்வீச்சு கொடுக்கும் மெஷின். அதுவரை அதே வைத்தியத்தை நாங்கள் ரேடியம் குழாய்களைக் கையால் வைத்துச் செய்துகொண்டிருந்தோம். வைத்த பிறகு அந்தப் பெண் நாள் கணக்கில் ஈயத் தடுப்புக்குப் பின்னால் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது, நின்றால் அவர்கள் மேலும் கதிர் விழும். சிஸ்டர் ஓடிப் போய்க் கஞ்சியை வைத்துவிட்டு ஓடி வருவார்.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த பேச்சியம்மா என்ற அம்மாவுக்கு அப்படி ரேடியம் வைத்திருந்தோம். நான் வாசலில் நின்றபடி விசாரித்தேன்.

"ஏப்பா டாக்டரு, அம்புட்டுத் தூரத்துல நின்னு என்னத்தப் பாக்குற? எனக்கென்ன பேயா புடிச்சிருக்கு?" என்றார்.

"உங்களுக்கு ஒண்ணுமில்லத்தா. எனக்குத்தான் பயம்."

"அப்ப பயமில்லாத ஆளு ஒண்ணு இருக்கு, வெளிய எம் மக நிக்கிறா. அவள ஒரு நாழி பக்கத்துல உக்காரச் சொல்லேன்."

ஆகாது என்றேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் அடுத்த வார்டுக்கு நடந்தேன்.

புது மெஷினில் இந்தக் கொடுமை இல்லை. கதிர்வீசும் சீசியம் மணிகள் ஈயப் பெட்டிக்குள் இருக்கும். எல்லோரும் வெளியே வந்த பிறகு பொத்தானை அழுத்தினால் அவை குழாய் வழியாக நோயாளியிடம் போகும். யாராவது உள்ளே போக வேண்டுமென்றால் இன்னொரு பொத்தான். மணிகள் பெட்டிக்குத் திரும்பிவிடும். தாராளமாக உள்ளே போய்ப் பக்கத்தில் உட்காரலாம். ஆனால் அதை இயக்க முறையாகப் பழகிய டாக்டர் ஒருவர் இருந்தால்தான் பெட்டியைத் திறக்க அனுமதி. அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை. பெட்டி வராந்தாவில் நின்றது. அதன் மேல் எல்லோரும் டிபன் கேரியர் வைத்தார்கள்.

வட இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரி, வெளிநாட்டு டாக்டர் ஒருவருக்கு இந்த வைத்தியத்தில் ஃபெலோஷிப், அதாவது உதவித்தொகையோடு ஒரு வருஷப் பயிற்சி, கொடுப்பது வழக்கம். முதலில் ஒரு மாதம் பார்வையாளராக வர வேண்டும். வந்தவர்களில் ஒருவரைப் பேராசிரியர் தேர்ந்தெடுப்பார். செய்தியைக் கொண்டுவந்தவன் எங்கள் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுக் கணக்குப் போடும் பௌதிகர் குப்புராம். வீட்டில் சௌராஷ்டிரம், வெளியில் மதுரைத் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து பேசுவான்.

"எனக்கு வயசு நாப்பத்தி நாலு மாப்ள" என்றேன்.

"அங்க போயி நீ பொண்ணா பாக்கப் போற? போடா."

அதிலிருந்து பீதி ஆரம்பித்தது. வெள்ளைக்காரன் நிற்க வைத்துக் கேள்வி கேட்பான், பௌதிகத்தில் மண்ணைக் கவ்வுவேன் என்று முடிவு கட்டிக்கொண்டேன். ஆனையூரில் குப்புராம் வீட்டில் உட்கார்ந்து மாலைகளில் பாடம் படித்தேன். டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சூத்திரம் முணுமுணுத்தேன். கண்டக்டர் நான் மந்திரம் சொல்வதாக நினைத்து இடம் வாங்கிக் கொடுத்தார். "தூக்கத்துல சீசியம் சீசியம்னு பொலம்புறீக, யாரு அவ?" என்றாள் என் மனைவி வசந்தா.

அங்கே ஒருவரும் பௌதிகம் கேட்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

விமானத்தில் பணிப்பெண் தட்டோடு வந்து குனிந்தாள். "பரவாயில்லை, இருக்கட்டும்" என்றேன் இங்கிலீஷில். அவள் அழகாகச் சிரித்துவிட்டு என் தட்டைப் பின்வரிசைக்குக் கொண்டுபோனாள். திரும்பி வருவாள் என்று மடி மேல் துண்டை விரித்து வைத்திருந்தேன். வந்தாள், காலித் தட்டுகளை எடுக்க. பக்கத்து இருக்கைக்காரர் வெண்ணெய் தடவிய ரொட்டியை மெல்லும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

லண்டனில் இறங்கிய அன்றே ரயில். நம் ரயிலில் இறங்குகிறவனைக் கதவு தடுக்காது, ஏறுகிற ஐம்பது பேர்தான் தடுப்பார்கள். அங்கே என் ஊர் வந்தது, ரயில் நின்றது, கதவருகே நான் மட்டும்தான். கதவைத் தடவினேன். கைப்பிடி இல்லை. மேலே தடவினேன், கீழே தடவினேன், தோளால் முட்டினேன், பெட்டியால் இடித்தேன். ரயில் கிளம்பிவிட்டது. எதிரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் மெதுவாக, "ஜன்னலை இறக்கி, வெளியே கையை விட்டுத் திறக்க வேண்டும்" என்றார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே ஐயா."

"நீங்கள் கேட்கவில்லையே" என்றார். குத்தலே இல்லை, உண்மையான வருத்தத்தோடு சொன்னார். நம் ஊராக இருந்தால் கேட்பதற்கு முன்பே பத்துப் பேர் கதவைத் திறந்து, என்னைத் தள்ளிவிட்டு, பெட்டியையும் மேலே எறிந்திருப்பார்கள்.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன். தங்குமிடம் மிஸஸ் பெல் என்ற விதவை அம்மாளின் வீட்டு மாடி. மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டு நின்ற என்னிடம், "ஒரு கோப்பை டீ?" என்றார்.

"உங்களுக்கு எதற்குச் சிரமம்."

"சரி" என்று சொல்லிவிட்டுத் தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தார். என் முன்னாலேயே ஊதி ஊதிக் குடித்தார். மாடிக்குப் போய், வசந்தா கட்டிக் கொடுத்த பருப்புப் பொடியை பிஸ்கட் மேல் தூவித் தின்றேன். அந்த அம்மாளை மனதுக்குள் கருமி என்று திட்டினேன். மறுநாள் காலையில் மேசையில் வறுத்த முட்டை, ரொட்டி, பன்றிக்கறி, தக்காளி என்று ஒரு பந்தியே விரித்திருந்தார். அது கேட்காமல் வைக்கிற சாப்பாடு. அதனால் பிழைத்தேன்.

ஆஸ்பத்திரியில் எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்த இன்னொரு பார்வையாளர் டாக்டர் ஒகோரோ. நைஜீரியாக்காரர், ஆறடிக்கு மேல், சிரித்தால் ஜன்னல் அதிரும். எங்கள் இருவருக்கும் ஒரே விதி: பார்க்கலாம், தொடக் கூடாது. அந்த நாட்டில் மருத்துவப் பதிவு இல்லாத டாக்டர் நோயாளியின் நாடியைக்கூடப் பிடிக்கக் கூடாது. ஃபெலோவாகச் சேர்ந்தால் தற்காலிகப் பதிவு கிடைக்கும். அதுவரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். மதுரையில் நாளெல்லாம் நோயாளிகளுக்கு நடுவே நீந்திய கை, அங்கே என் முதுகுக்குப் பின்னால் அரித்துக்கொண்டு கிடந்தது.

மதியம் கேண்டீனில் ஒகோரோவும் நானும் ஒரே மேசை. அவித்த உருளைக்கிழங்கு, அவித்த பட்டாணி, அவித்த என்னவோ. "இவர்கள் சாம்ராஜ்யம் ஆண்டதே மிளகைத் தேடித்தானே. தேடியதை எங்கே ஒளித்து வைத்தார்கள்?" என்று கேட்பார் ஒகோரோ. அவர் ஊரிலும் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் டாக்டர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். ஃபெலோஷிப் ஒன்று, ஆசைப்படுகிறவர்கள் இரண்டு பேர். இதை இருவரும் பேசிக்கொள்ளவில்லை. உப்பை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டோம்.

மெஷின் ஓடுவதை முதலில் பார்த்த நாள் மறக்காது. உள்ளே ஒரு வயதான அம்மாள், ஆலைத் தொழிலாளியாக இருந்தவராம். வெளியே கட்டுப்பாட்டு மேசையில் விளக்குகள். சிகிச்சை ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாள் ஒலிபெருக்கி வழியாக முனகினார். நர்ஸ் பொத்தானை அழுத்தினார். கடகடவென்று ஒரு சத்தம், விளக்கு நிறம் மாறியது. நர்ஸ் கதவைத் திறந்து சாதாரணமாக உள்ளே நடந்து போனார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு எதையோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். எழுந்து வந்து மறுபடி பொத்தான். விட்ட இடத்திலிருந்து மெஷின் தொடர்ந்தது.

  இது மதுரைக்கு வந்தே ஆக வேண்டும் என்று அந்த வராந்தாவில் நின்று தீர்மானித்தேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் தாமதமாகப் போகவில்லை, ஒரு நோயாளியையும் விடவில்லை. கணக்கு அறையில் போய் உட்கார்ந்து, அவர்கள் கதிர் அளவைக் கணக்கிடும் விதத்தையும் நாங்கள் ரேடியத்துக்குக் கணக்கிடும் விதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பேராசிரியர் ஹார்லண்ட் எப்போதாவது எட்டிப் பார்ப்பார். ஒல்லியான, குரல் உயராத மனிதர். "உங்கள் ஊரில் இந்த நோய் எப்போது வந்து சேர்கிறது?" என்று ஒரு நாள் கேட்டார்.

"நடக்க முடியாமல் போன பிறகு சார்."

 அன்றிலிருந்து கடினமான நோயாளி வந்தால் என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்.

அங்கே என்னை உலுக்கிய விஷயம் ஒன்று. ஒரு பெண்மணி, ஓய்வுபெற்ற ஆசிரியை. இரண்டாம் கட்ட சிகிச்சை வேண்டும் என்று பேராசிரியர் விளக்கினார். லாபம் எவ்வளவு, தொல்லை எவ்வளவு என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். அந்த அம்மாள் கேட்டுவிட்டு, "வேண்டாம், நன்றி" என்றார். பேராசிரியர் தலையசைத்தார். வலிக்கு என்னென்ன செய்யலாம் என்று பேச ஆரம்பித்தார். அவ்வளவுதான்.

நான் ஒகோரோவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "ஒரு தடவைதானே கேட்டார்?"

மதுரையில் நாங்கள் விடவே மாட்டோம். நோயாளி வேண்டாம் என்பார், புருஷன் வேண்டாம் என்பார், கொழுந்தன் ஊருக்குப் போய்க் கேட்டுவிட்டு வாரேன் என்பார். டீ வாங்கிக் கொடுத்து மறுபடி கேட்போம். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் பல பேரைப் பிழைக்க வைத்திருக்கிறோம், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது வேறொன்று உறுத்தியது. ஒரு பெண் தன் உடம்பைப் பற்றிச் சொன்ன வார்த்தையை ஒரே தடவையில் அங்கே நம்பிவிட்டார்கள். எங்கள் வார்டில் எந்தப் பெண்ணின் வார்த்தையை நான் அப்படி முதல் தடவையே நம்பியிருக்கிறேன்? யோசித்துக்கொண்டே என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

இவ்வளவு தூரம் தத்துவம் யோசித்தவன் அதிலிருந்து பாடம் கற்றிருக்க வேண்டும். கற்றேனா என்பதைப் பாருங்கள்.

மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை பேராசிரியர் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டினார். "உங்களை இந்த வருஷ ஃபெலோவாக எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். சம்மதமா?" என்றார்.

காது அடைத்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம். மதுரைக்காரனின் நாக்கு சந்தோஷத்தில் தானாக வேலை செய்யும். "உங்கள் பெருந்தன்மை சார். என்னைவிடத் தகுதியானவர்கள் இருப்பார்கள். எனக்காக நீங்கள் சிரமப்பட வேண்டாம்" என்றேன். அடக்கமாகத் தரையைப் பார்த்துக்கொண்டு, அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன்.

"ஓ" என்றார் பேராசிரியர். பேனாவை மூடி வைத்தார். "எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் புரிகிறது. மிகவும் கண்ணியமாகச் சொன்னீர்கள்." எழுந்து கையைக் குலுக்கினார். கதவையும் அவரே திறந்துவிட்டார்.

வராந்தாவில் நின்றேன். கூப்பிடுவார் என்று நின்றேன். செருப்பு வார் சரியில்லாத மாதிரிக் குனிந்து நிமிர்ந்தேன். நான் போட்டிருந்தது ஷூ. உள்ளே டெலிபோனில் யாரிடமோ பேசும் சத்தம் கேட்டது. யோசித்து, திங்கட்கிழமை மறுபடி கேட்பார் போலும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வழியில் எண்ணெய் சொட்டும் மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் வாங்கி, வினிகர் தெளித்துத் தின்றேன். ஃபெலோ ஆகப்போகிறவன் சாப்பாடு அது.

சனிக்கிழமை காலை ஒகோரோ மிஸஸ் பெல் வீட்டுக் கதவைத் தட்டினார். மாடிக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார், கட்டில் முனகியது.

"நீ மறுத்துவிட்டாயாமே. ஏன்?"

"யார் சொன்னது?"

"பேராசிரியர். நேற்று மாலை என்னைக் கூப்பிட்டு அந்த இடத்தை எனக்குக் கொடுத்தார். உன் வீட்டில் ஏதாவது பிரச்னையா?"

 இலைமேல் கை வைப்பதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர், பேராசிரியர் கதவைத் திறந்துவிட்ட இடத்தில் தலையணையை முகத்தில் அமுக்கிக்கொண்டு சிரித்தார். கீழே மிஸஸ் பெல் பயந்து குரல் கொடுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு ஒகோரோவின் முகம் மாறியது.

"எங்கள் ஊரிலும் முதல் தடவை கேட்டதும் கையை நீட்ட மாட்டோம். ஆனால் இங்கே வந்த வாரமே அதை விட்டுவிட்டேன். அவர் வாயை மூடுவதற்குள் சரி என்று சொல்லிவிட்டேன்." தலையணையைக் கட்டிலில் வைத்தார். "நண்பா, அதை நான் திருப்பித் தர மாட்டேன். என்னிடம் கேட்காதே. எனக்கும் ஊரில் காத்திருக்கிறார்கள்."

"கேட்க மாட்டேன்" என்றேன். நாக்கு இந்தத் தடவை உண்மையைச் சொன்னது. அந்த நாட்டுக்கு வந்த பிறகு ஒருவர் பேசியது எனக்கு முழுதாகப் புரிந்ததும் அப்போதுதான்.

அவர் போன பிறகு தெருமுனை டெலிபோன் கூண்டுக்குப் போனேன். மதுரை கோச்சடையில் எங்கள் பக்கத்து வீட்டில் போன் உண்டு. கூப்பிட்டுச் சொல்லி, வசந்தா வந்து நிற்க, மறுபடி கூப்பிட்டேன்.

"ஏங்க, அந்த வேலைய குடுத்துட்டாகளா?"

"குடுத்தாக. நான் வேணாம்னு சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

"மரியாதைக்கு."

"சரி, அந்தாளு அப்பறம் திருப்பிக் கேக்கலயா?"

"கேக்கல வசந்தா."

 "என்னா மனுசன் அவரு" என்றாள். "ஒரு தடவ வேணாம்னா விட்டுர்றதா? இம்புட்டு மரியாத தெரியாதவருகிட்ட என்னத்தப் படிச்சீக ஒரு மாசமா?"

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. உலகத்தில் என் கட்சியில் ஒருத்தியாவது இருக்கிறாள்.

"இப்ப என்ன செய்ய?" என்றேன்.

"அவரு கேக்கலைன்னா நீங்க போயிக் கேளுங்க. அந்தப் பெட்டி மேல டிபன் வச்சுத் திங்கிறதுக்கா பிளேன் ஏறுனீக? வெறுங்கையோட வராதீக, சொல்லிட்டேன்."

லைன் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பேராசிரியரின் கிராமத்துக்குக் கிளம்பினேன். சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போவது அந்த ஊரில் ஏறக்குறைய திருட்டுக்குச் சமம் என்று மிஸஸ் பெல் எச்சரித்தார். மதுரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் வராவிட்டால்தான் வீட்டில் ஏதோ கெட்டது நடந்திருக்கிறது என்று அர்த்தம். பஸ் பாதி வழியோடு நின்றுவிட்டது, ஞாயிறு அதற்குமேல் ஓடாதாம். மீதியை நடந்தேன். இரு பக்கமும் பச்சைப் புல், அதில் ஆடுகள், மனிதர் நடமாட்டமே இல்லை. எங்கள் பக்கத்து வைகைக் கரைச் சாலையில் இவ்வளவு நேரம் நடந்திருந்தால் நாலு பேர் சைக்கிளை நிறுத்தி, "ஏறுங்கண்ணே, எங்க போறீக" என்றிருப்பார்கள். இங்கே இரண்டு கார்கள் என்னை மிகவும் மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போயின.

பேராசிரியர் தோட்டத்தில் சேற்றுப் பூட்ஸோடு ரோஜாச் செடியை வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது. "யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா?"

"எனக்குத்தான் சார். நீங்கள் கொடுத்ததை நான் வேண்டாம் என்று சொன்னது, அது எனக்கு வேண்டும் என்பதால்."

அவர் பூட்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னொரு தடவை சொல்லுங்கள்."

ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் நின்று மதுரைப் பந்தியை நடித்துக் காட்டினேன். நான்தான் விருந்தாளி, நான்தான் சாம்பார் வாளி. இலைக்கு ஒரு பூந்தொட்டித் தட்டு. அவர் சிரிக்காமல், நோயாளியின் கதையைக் கேட்பதுபோலக் கேட்டார்.

"அப்படியானால் உங்கள் ஊரில் ஒருவர் ஒன்றை உண்மையாகவே மறுப்பது எப்படி?"

"முடியாது சார். அதனால்தான் இந்தத் தொப்பை."

அவருடைய மனைவி சமையலறை ஜன்னலிலிருந்து டீ வேண்டுமா என்று கேட்டார். "வேண்டும்" என்றேன். ஜன்னல் கண்ணாடி அதிர்கிற மாதிரிச் சொல்லியிருக்கிறேன். ஒரு காகம் பறந்தது.

டீ மேசையில் பேராசிரியர் கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தார். "அந்த இடம் போய்விட்டது. டாக்டர் ஒகோரோவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்."

"தெரியும் சார். அது அவருடையது. நான் அதற்கு வரவில்லை. மெஷினுக்கு வந்திருக்கிறேன்." மரப்பெட்டியைப் பற்றிச் சொன்னேன். பேச்சியம்மா மகளைக் கேட்டதைச் சொன்னேன், அந்த இடத்தில் நக்கல் எதுவும் சேர்க்கவில்லை. "ஃபெலோ என்ற பெயர் வேண்டாம். நோயாளியைத் தொட வேண்டாம். இன்னும் கொஞ்ச நாள் இருந்து, வேலை நேரம் முடிந்த பிறகு மெஷினை பொம்மை மேல் ஓட்டிப் பழக விடுங்கள். மணி குழாயில் சிக்கினால் என்ன செய்வது, கரன்ட் போனால் என்ன செய்வது, எங்கள் ஊரில் கரன்ட் தினமும் போகும் சார். அதுவரை தெரிந்தால் போதும்."

"அப்படி ஓர் ஏற்பாடு எங்களிடம் இல்லை" என்றார்.

"சரி சார்" என்று சொல்லிவிட்டு, கேக்கை ஒரு வாய் தின்றேன். "கொஞ்ச நாள் இருந்து, வேலை நேரம் முடிந்த பிறகு மெஷினைப் பழக விடுவீர்களா?"

"இப்போதுதானே சொன்னேன், ஏற்பாடு இல்லை."

"ஆமாம் சார்." இன்னொரு வாய். "பழக விடுவீர்களா?"

அவருடைய மனைவிதான் முதலில் சிரித்தார். பேராசிரியர் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இது எத்தனை தடவை போகும்?"

"கேக் இருக்கும்வரை போகும் சார்."

மறுநாள் திங்கட்கிழமை, டாக்டர் ஒகோரோ கூடவே இருந்தால் மாலைகளில் நான் மெஷின் அறைக்குள் போகலாம் என்று பேராசிரியர் வாய்மொழியாக உத்தரவு போட்டார். ஒகோரோ முதல் நாளே கையைத் தட்டி, "வா, என் ஃபெலோஷிப்பில் பாதியைச் சாப்பிடு" என்றார். பகலில் அவர் கற்றதை மாலையில் நான் கற்றேன். அவர் மறந்ததை நான் கேட்டு அவருக்கும் நினைவுபடுத்தினேன். ஒருநாள் பொம்மைக்குள் குழாயைத் தப்பான பக்கம் மாட்டி, மணி சிக்கிவிட்டதாக மெஷின் அலறியது. இருந்தது போலி மணிதான். இருந்தும் நான் ஒரே ஓட்டமாகக் கார் நிறுத்துமிடம் வரை போய்விட்டேன். ஒகோரோ ஜன்னலைத் திறந்து, "திரும்பி வா, நிஜத்தில் நீ ஓட வேண்டிய திசை இந்தப் பக்கம்" என்று கத்தினார். திரும்பிப் போய், சாவியைப் போட்டு, கையால் சக்கரத்தைச் சுற்றி மணியைப் பெட்டிக்குள் இழுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு செய்ய வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் செய்தேன்.

எனக்கு ஃபெலோஷிப் கிடைக்கவில்லை. ஒகோரோ வருஷத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பினார். நான் மதுரை ஆஸ்பத்திரியில் விடுப்பை நீட்டி வாங்கி, விசா முடியும்வரை இங்கிலாந்திலேயே இருந்தேன். ஒரு நோயாளியைக்கூடத் தொடவில்லை. அடுத்த வருஷம் முறைப்படி மறுபடி விண்ணப்பித்தேன், வயது வரம்பைக் கடந்துவிட்டேன் என்று பதில் வந்தது. இந்த ஆளுக்கு மெஷின் தெரியும் என்று பேராசிரியர் எங்கள் டீனுக்கு எழுதியதை வைத்துப் பெட்டியைத் திறக்க அனுமதி வாங்கினோம். திறந்தபோது இரண்டு குழாய்களை எலி கடித்திருந்தது. மாற்றுக் குழாய் வர மழைக்காலம் முடிந்துவிட்டது. தை மாதத்தில் முதல் நோயாளிக்கு வைத்தியம் தொடங்கினோம், மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர். பாதியில் குப்புராம் பொத்தானை அழுத்த, மணிகள் பெட்டிக்குத் திரும்பின. அந்த அம்மாவின் மகள் உள்ளே போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அம்மாவுக்குத் தலை வாரி விட்டாள். அவள் வாரி முடிக்கும்வரை நாங்கள் வெளியே காத்திருந்தோம்.